ஏணிக்கு விழுந்த ஓட்டு

வார்டு தேர்தலில் நிற்கப் போவதாகச் சாவிக்காரர் சொன்னபோது அவர் மனைவி ஒரு பேன்ட்டின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, நன்றாக யோசித்தீர்களா என்று மட்டும் கேட்டாள். யோசித்தாயிற்று என்றார் அவர். கடைவீதியில் நாலு பேர் கேட்டுக்கொண்டார்களாம். மறுக்க முடியவில்லையாம்.

அதுதான் அவரிடம் இருந்த தொல்லை. யார் எதைக் கேட்டாலும் அவருக்கு மறுக்கத் தெரியாது. அவர்களுடைய கடை ஒரே அறை. பாதியில் அவர் சாவி வெட்டுவார், மறுபாதியில் அவள் துணி தைப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டவர்கள் ஓடி வந்தால், சாப்பிட உட்கார்ந்தவர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த வட்டாரத்தில் அவர் திறந்துவிடாத கதவு குறைவு. ஒரு வீட்டிலும் ஒரு பொருள் குறைந்ததாகப் பேச்சு வந்ததில்லை. அந்த நல்ல பெயரைப் பார்த்துத்தான் நிற்கச் சொன்னார்கள்.

சாவியைச் சின்னமாகக் கேட்டார். அது வேறு யாருக்கோ போய்விட்டது. ஏணியைக் கொடுத்தார்கள். பஸ் ஓட்டுகிற அவருடைய தம்பி அன்று சாப்பிடும்போது, "விடுங்கண்ணா, பூட்டு திறக்கலேன்னா சுவரேறிக் குதிச்சிடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகளும் சிரித்தாள். மாமியாருக்கு, அதாவது சாவிக்காரரின் அம்மாவுக்கு, காது கொஞ்சம் மந்தம். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தனியாகச் சிரித்தாள்.

பிரசாரம் தொடங்கியது. தள்ளுவண்டிக்காரர்கள் வந்து, தெருவில் நிற்க இடம் வேண்டும் என்றார்கள். ஆகட்டும் என்றார். மறுநாளே குடியிருப்பவர்கள் வந்து, தள்ளுவண்டிகளால் நடக்க முடியவில்லை, அகற்ற வேண்டும் என்றார்கள். அதற்கும் ஆகட்டும் என்றார். எப்படிங்க ரெண்டும் நடக்கும் என்று அவள் கேட்டாள். பார்த்துக்கலாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்பவர் முகம் வாடக் கூடாது என்ற ஒன்றைத் தவிர அந்த நேரத்தில் அவருக்கு வேறெதுவும் தோன்றாது.

எதிர்த்து நின்றவர்களில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். சிரித்துப் பேசத் தெரியாதவர். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சந்தில் விளக்கு இல்லாமல் பெண்கள் பயந்து நடந்த காலத்தில், அந்த அம்மாள் நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அங்கே உட்கார்ந்திருந்தவர்களைத் தூங்கவிடாமல் செய்து விளக்கைக் கொண்டுவந்தார். மகள் வேலை முடிந்து அந்தச் சந்து வழியாகத்தான் வருவாள்.

வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதற்குப் பொறுப்பாகத் தபால் அலுவலகக் கவுன்டரில் இருக்கும் பெண்ணைப் போட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் கண்ணாடியம்மா. கறார் பேர்வழி. விலாசத்தில் ஒரு எண் விட்டுப்போனாலும் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

சாவிக்காரர் குடும்பத்தில் ஐந்து ஓட்டு. அவர், அம்மா, தம்பி, மனைவி, மகள். எல்லோரையும் அவரே அழைத்துப் போனார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறைப்பு வரைக்கும் போகப் பார்த்தார். கண்ணாடியம்மா எழுந்து நின்று, அவர்களுக்குக் கண் தெரிகிறதா என்று கேட்டாள். தெரியும் என்றார். "அப்ப அவங்க தனியாத்தான் போகணும். வேட்பாளரா இருந்தாலும் நீங்க அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார்.

மனைவியின் முறை வந்தது. அட்டை மறைப்புக்குள் நின்றதும் அவளுக்கு விசித்திரமான ஓர் உணர்வு ஏற்பட்டது. கடையில் அவர் பக்கத்தில் இருப்பார், வீட்டில் யாராவது இருப்பார்கள். இப்படி ஒருவர் பார்வையும் படாமல் நின்று ஒன்றைத் தீர்மானித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தோன்றியது. விரல் ஏணிப் பக்கம் போனது. தள்ளுவண்டிக்காரர்கள் ஞாபகம் வந்தது. சந்து விளக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் மற்ற நாலு பேரும் போடுவார்கள், தெரு முழுக்கப் போடும், நம் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். நர்ஸின் சின்னத்துக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினாள். மெஷினுக்குப் பக்கத்துக் கண்ணாடிச் சன்னலில் அந்தச் சின்னம் அச்சான ஒரு சிறு சீட்டு வந்து நின்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் விழுந்தது. அவள் வெளியே வந்தபோது சாவிக்காரர் வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

நர்ஸ் ஜெயித்தார். சாவிக்காரர் தோற்றதில் யாருக்கும் அதிர்ச்சியில்லை, அவருக்கே இல்லை. ஆனால் சாவடி வாரியாக ஓட்டுக் கணக்கு எழுதி ஒட்டிய தாளைச் செல்போன் கடைக்காரன் படமெடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஃபோனில் ஒரு சேனல் உண்டு. ஊர்ச் செய்தியெல்லாம் அதில் போடுவான். சாவிக்காரருடைய சொந்தச் சாவடியில் ஏணிக்கு விழுந்தது இரண்டே ஓட்டு.

அவர் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வாய்க்குள் கணக்குப் போட்டார். வீட்டிலேயே ஐந்து பேர். அக்கம்பக்கத்தில் யாருமே போடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வர வேண்டுமே. செல்போன் கடைக்காரன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். இதைச் சும்மா விடக் கூடாது, மெஷினில்தான் ஏதோ செய்திருக்கிறார்கள், ஊர் முழுக்க இதுதான் பேச்சு என்றான்.

சாவிக்காரர் தையல் மேஜைப் பக்கம் திரும்பினார். "நீ எனக்குத்தானே போட்ட?"

சந்தேகமாகக் கேட்கவில்லை. சாட்சிக்குக் கேட்டார். அவர் முகத்தில் அவளைப் பற்றிய நம்பிக்கை அப்படியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"ஆமா" என்றாள்.

"ஃபோனப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்றான் செல்போன் கடைக்காரன்.

அவள் ஃபோனைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரருக்குத்தான் போட்டேன். ஏணிக்கு நேரா லைட்டு எரிஞ்சுது. சீட்டுல கூட ஏணிதான் இருந்துச்சு, கண்ணால பாத்தேன்."

லைட்டைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ யாரும் அவளைக் கேட்கவில்லை. அதெல்லாம் அவளாகச் சேர்த்தது. சொல்லி முடித்ததும் காது மடல் சுட்டது. குனிந்து தையலைத் தொடர்ந்தாள். கோணலாகப் போன அந்தத் தையலைப் பிறகு பிரிக்க வேண்டியிருந்தது.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. வேறு ஊர்களிலிருந்தெல்லாம் பேசினார்கள். மனைவி போட்ட ஓட்டையே காணோம், நாம் போட்டது எங்கே போயிருக்கும் என்று கேட்டார்கள். தம்பியின் பஸ்ஸில் ஏறியவர்கள் அவனிடம் அண்ணியைப் பற்றி விசாரித்தார்கள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ம்ம் என்பதோடு நிறுத்திக்கொண்டான். கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளர் ஃபோனை மகளிடம் நீட்டி, இந்த அம்மாவைப் பார்த்தால் பாவமாக இல்லையா என்று கேட்டாராம். அதை மகள் வீட்டில் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவும் அவளைப் பார்க்கவில்லை.

மறு வாரம் தைத்த துணியொன்றைப் பார்சல் அனுப்ப அவள் தபால் அலுவலகம் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் கவரைக் கவுன்டரில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றார். "எங்க ஓட்டையே மாத்துனவங்க, இந்தக் கவர மாத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடியம்மா தலை நிமிரவில்லை. கொடுப்பதானால் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்தவருக்கு வழி விடுங்கள் என்றாள். அவர் கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து நின்றது இவள்.

கண்ணாடியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று இவளுக்குத் தெரியவில்லை. பிறகு பார்சலை எடை போட்டு, விலாசத்தைச் சரிபார்த்து, முத்திரை குத்தினாள். முத்திரை லேசாக நகர்ந்து விழுந்தது. அவளுடைய முத்திரை இதற்கு முன் நகர்ந்து விழுந்து யாரும் பார்த்ததில்லை. வரிசையில் இருந்த ஒரு பெண் இவளுடைய தோளைத் தொட்டு, "நீங்க பயப்படாதீங்க, நாங்கெல்லாம் உங்க பக்கம்தான்" என்றாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படிதான் சொன்னாள். இவளுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரோ கண்ணாடியம்மாவின் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்தார்கள். தபால் அலுவலகச் சுவரில் தாரால் திருடி என்று எழுதினார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கவுன்டரில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.

சாவிக்காரர் பெட்டியில் விழுந்த சீட்டுகளைக் கையால் எண்ணச் சொல்லி மனு போட்டிருந்தார். விட்டுவிடுங்களேன் என்று மனைவி ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எண்ணினால் மட்டும் ஜெயித்துவிடப் போகிறோமா என்றாள்.

"எனக்காகவா அலையறேன்?" என்றார் அவர். "உன் ஓட்டு காணாமப் போயிருக்கு. அத எப்படி விடறது? ஒரு பூட்டு வேற சாவிக்குத் திறந்துடுச்சுன்னா அப்புறம் அது என்ன பூட்டு?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். மனு தள்ளுபடியாகிவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். பிறகு, எண்ணும்போது உண்மையாகவே ஏதாவது தப்பு வெளிப்பட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். நினைத்த பிறகு தன்னைக் கண்டே அவளுக்குக் கூசியது.

மனு ஏற்கப்பட்டது. நகராட்சிக் கூடத்தில் நீள மேஜை போட்டு, கட்சிக்காரர்கள், வேட்பாளர்கள், அதிகாரிகள் சுற்றி நிற்க, பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். முத்திரையில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று சொல்வதற்காகக் கண்ணாடியம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். சுவரோரம் தனியாகப் போட்டிருந்த நாற்காலியில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. சாவிக்காரரின் மனைவி கடைசி வரிசையில் இருந்தாள். அவர்தான் வரச் சொல்லியிருந்தார், உன் ஓட்டை நீயே கண்ணால் பார்க்க வேண்டாமா என்று.

திறப்பதற்கு முன் அதிகாரி சாவிக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் குனிந்து, பையிலிருந்த சிறிய டார்ச்சை அடித்து, துவாரத்தைச் சுற்றிலும் பார்த்தார். விரலால் தடவினார். கீறல் இல்லை, யாரும் கை வைக்கவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். கூடத்தில் சின்ன முணுமுணுப்பு எழுந்தது. செல்போன் கடைக்காரனுக்கு முகம் விழுந்துவிட்டது.

சீட்டுகள் பஸ் டிக்கெட் அளவுதான் இருந்தன. மேஜையில் கொட்டி, சின்னத்துக்கு ஒரு தட்டாகப் பிரித்துப் போட்டார்கள். ஏணித் தட்டில் ஒன்று விழுந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மற்ற தட்டுகள் நிரம்பிக்கொண்டே போயின. சாவிக்காரர் ஏணித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். குவியல் தீரும் தறுவாயில் இன்னொன்று விழுந்தது. அவ்வளவுதான். மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். மெஷினில் வந்த கணக்கும் தாளில் வந்த கணக்கும் எந்தச் சின்னத்துக்கும் ஒன்றுகூட முன்பின் இல்லை.

திருப்திதானா என்று அதிகாரி கேட்டார். சாவிக்காரர் தலையசைத்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய்க் கண்ணாடியம்மாவின் முன்னால் நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பு எங்க வீட்டுல இருந்திருக்கு."

கண்ணாடியம்மா கைப்பையோடு எழுந்தாள். போட வேண்டிய கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். வாசலில் செல்போன் கடைக்காரன் அதற்குள் வேறு பேச்சுத் தொடங்கியிருந்தான். மெஷினை மாற்றத் தெரிந்தவனுக்குச் சீட்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சாவிக்காரர், நான்தான் பூட்டைப் பார்த்தேன் என்றார். அவன் அவரைத் தாண்டிப் பேசினான்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு மனைவியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒண்ணு என்னுது. இன்னொண்ணு உன்னுது. எனக்கு அது போதும்" என்றார்.

தம்பி சுவரைப் பார்த்தான். மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்தபடி இருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மனைவி நினைத்தாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் மாடியில் துணி உலர்த்தும்போது மாமியார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த இன்னொண்ணு என்னுதும்மா" என்றாள்.

மருமகளின் கையில் இருந்த துணி நழுவியது.

"அவனுக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பெத்துத் தொலைச்சிருக்கேனே, வேற எங்க போய் அமுக்கறது?" மாமியார் ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அவன் உன்னுதுன்னே நினைச்சுக்கட்டும். அந்தப் பேரு எனக்கு எதுக்கு? நீங்க ரெண்டு பேரும்தான் ஒண்ணாக் காலம் தள்ளணும்."

"அத்தை..." என்றாள். மாமியார் காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்தக் கருணை அவளைப் போட்டு அறுத்தது. சாவிக்காரர் முன்னைவிட அவளிடம் பிரியமாக இருந்தார். அவள் கேட்காமலே தையல் மேஜைக்கு மேல் நல்ல பல்பு மாட்டினார். கடைக்கு வருபவர்களிடம், ஊரே கைவிட்டாலும் இவள் கைவிடவில்லை என்று சொன்னார். மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டை வைத்தால் சாப்பிடுவார், முகம் பார்க்க மாட்டார். தம்பி தனியாக வீடு பார்க்கப் போவதாகச் சொன்னான். சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். ஒரு நாள் மகள் வேலைக்குக் கிளம்பும்போது, போயிட்டு வரேன்ப்பா என்றாள். அவர் செய்தித்தாளைத் திருப்பினார். மகள் செருப்பை மாட்டியபடியே அம்மாவைப் பார்த்தாள். நீயுமா பேசாமல் இருக்கிறாய் என்று கேட்காத குறையாக இருந்தது அந்தப் பார்வை.

அன்று சாயந்தரம் கடையைச் சாத்தும் நேரத்தில், பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே நின்றுகொண்டு அவள் சொல்லிவிட்டாள்.

"அந்த ரெண்டாவது ஓட்டு என்னுது இல்லீங்க. அத்தையுது."

அவர் சாவிக்கொத்துகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அப்ப ஃபோன்ல சொன்னது?"

"பொய்."

"சீட்டப் பாத்தேன்னியே."

"பாத்தேன். அதுல ஏணி இல்ல." அவள் தையல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸம்மாவுக்குப் போட்டேன். சந்துல லைட்டு போட்டாங்களே, அதுக்காக. நீங்க எல்லாருக்கும் ஆகட்டும்னு சொல்லிட்டு வந்தீங்க, எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு ஓட்டுதானேன்னு நினைச்சேன். பாப்பாவும் அப்படித்தான் நினைச்சிருப்பா, தம்பியும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. அவங்க மேல கோபப்படாதீங்க. அவங்க யாரும் ஃபோன் முன்னாடி நின்னு பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

கடைசிக் கொத்தையும் ஆணியில் மாட்டிவிட்டு அவர் பேசினார். குரல் உயரவே இல்லை.

"ஓட்டு உன் இஷ்டம். அத நான் கேக்க முடியாது. ஆனா அந்தம்மாவத் திருடின்னு எழுதினாங்களே, அன்னிக்கு நீ இங்க உக்காந்து தைச்சுக்கிட்டுத்தானே இருந்த? நான் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குனேனே, அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

அவர் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போய், அவளும் வரும்வரை காத்திருந்து, பூட்டினார். வழியெல்லாம் அவளுக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். மகள் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளுடைய கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டார்.

மறுநாள் அவள் விசாரித்துக்கொண்டு கண்ணாடியம்மாவின் வீட்டுக்குப் போனாள். குறுகிய படிக்கட்டு ஏறி இரண்டாவது மாடி. கதவு சங்கிலி போட்டபடியே திறந்தது. முகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லாததால் கண்ணாடியம்மா வேறு யாரோ போலிருந்தாள். இவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "காலையில எல்லாச் சின்னத்துக்கும் பூஜ்யம் காட்டித்தான் மெஷின ஆரம்பிச்சேன். சாயந்தரம் நானேதான் மூடினேன். அதுல தப்பில்லன்னா உங்க பேச்சுலதான் தப்பு. ஆனா அத நான் வெளிய சொல்லலாமா? நீங்க யாருக்குப் போட்டீங்க, போடலன்னு நான் வாய் திறக்கக் கூடாது. அதுக்குத்தானே என்னை அங்க உக்கார வெச்சாங்க."

கண்ணாடியம்மா தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் தார் பூசிய நாளிலும், கூடத்தில் தனி நாற்காலியில் இருந்த நாளிலும், அந்த மறைப்பைக் கட்டிக் காத்துக்கொண்டு அவள் வாயை மூடி இருந்திருக்கிறாள். இவளுக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவுச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

"இங்க வந்து சொல்லி என்னங்க பிரயோஜனம்? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க" என்றாள் கண்ணாடியம்மா. கதவை அறைந்து சாத்தவில்லை. சாதாரணமாகத்தான் சாத்தினாள்.

செல்போன் கடைக்காரனிடம் போனாள். அவன் சங்கடப்பட்டான். இதையெல்லாம் போட்டால் தன் பெயர் கெட்டுப்போகும், யாரும் பார்க்கவும் மாட்டார்கள் என்றான். கடைசியில் மகள்தான் தன் ஃபோனில் எடுத்தாள். அதே கடை, அதே தையல் மேஜை. சாவிக்காரர் சாவி வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவள் ஃபோனைப் பார்த்து, நான் சொன்னது பொய், மெஷின் மேல் தப்பில்லை, தபால் ஆபீஸ் அம்மா மேல் தப்பில்லை என்றாள். யாருக்குப் போட்டாள் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் அதையும் சொன்னாள்.

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள், மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். நர்ஸ் விலை பேசிவிட்டார் என்று ஒருவர் எழுதினார். முகம் வீங்கினது போல இருக்கிறதே, அடித்திருப்பார்களோ என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மகள் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிப் பார்த்துவிட்டுக் களைத்துப்போனாள்.

விசாரணையில் கண்ணாடியம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றார்கள். கவுன்டருக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். அவள் ஒப்பவில்லை. ஊரின் மறுகோடியில், தபால்களைப் பிரிக்கும் கூடத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

சாவிக்காரர் தம்பியைப் போக வேண்டாம் என்று தடுத்து நிறுத்தினார். அம்மாவிடம் ஒருநாள், எனக்குப் போட்டது நீதானாமே என்று காதருகில் கத்திச் சொன்னார். அவள், எதைப் போட்டேன் என்று கேட்டுச் சமாளித்துவிட்டாள். மனைவியிடம் தேவைக்கு மட்டும் பேசினார். பிறகு தேவைக்கு மேலும் கொஞ்சம் பேசத் தொடங்கினார். மாட்டிய பல்பைக் கழற்றவில்லை. ஆனால் அவளைப் பற்றி யாரிடமும் பெருமையாகச் சொல்வதை விட்டுவிட்டார். அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவள் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, அடுத்தவரிடம் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இனிமேல் ஓட்டுப் போடவே போவதில்லை என்றார். எங்கோ ஒரு சாவி வெட்டுகிறவருக்கு அவர் பெண்டாட்டி போட்ட ஓட்டையே மெஷின் விழுங்கிவிட்டதே, நீங்கள் பார்க்கவில்லையா என்றார்.

"அது நான்தாங்க" என்றாள் அவள். "ஓட்டு ஒண்ணும் போகல. நான் பொய் சொன்னேன்."

அவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லம்மா, அவங்க வேற. நான் பாத்திருக்கேனே. அவங்க முகத்தப் பாத்தாலே தெரியும், பொய் சொல்ற முகம் இல்ல அது."

அவள் மறுபடியும் சொன்னாள். தான்தான், அந்தக் கடைதான், அந்தப் பொய்தான் என்று, சீட்டில் ஏணி இல்லை என்பது வரைக்கும் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்த மனிதர் எழுந்து, சன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.